எவரிஸ்தோவின் கோப்பையில் குளவி

எங்கள் தெருவில் மதுக்கடைகள் மூன்று. கடைசிக் கடை என்னுடையது. எவரிஸ்தோ, சதூரியோ, மெல்சோர் மூவரும் சாயங்காலம் ஏழரைக்குத் தெருமுனையில் சேர்ந்து, ஒவ்வொரு கடையிலும் நின்றபடியே ஒரு சின்னக் கோப்பை ஒயின் குடித்து, எட்டேகாலுக்கு என்னிடம் வந்து முடிப்பார்கள். நாற்பது வருடமாக நடக்கிற ஊர்வலம் இது. மெல்சோருக்கு மூத்த பெண் பிறந்த சேதியே இந்தக் கடைவாசலில்தான் அவரை வந்து பிடித்தது. அப்போது கடை என் அப்பாவிடம் இருந்தது.

எவரிஸ்தோ பதினைந்து வயதில் ஆற்றோரத்து ஒயின் கிடங்கில் சேர்ந்தவர். நான்கு வருடம் பீப்பாய் கழுவினார். பிறகுதான் கையில் மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒயினை மாற்றும்போது, கோப்பையில் கொஞ்சம் பிடித்துச் சுடருக்கு முன்னால் காட்டிப் பார்க்க வேண்டும். தெளிவாக வரும்வரை விடலாம். அடிமண்டி தலைகாட்டும் நொடியில் மூடிவிட வேண்டும். முந்தினால் நல்ல ஒயின் வீண், பிந்தினால் எல்லாம் கலங்கல். நாற்பத்தாறு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்.

மனைவி அம்பாரோ போய்ச்சேர்ந்து எட்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. காலையில் ரொட்டிக் கடையில் இரண்டு வார்த்தை, சாயங்காலம் எங்கள் தெரு. நடுவில் அவர் வாய் திறக்க ஆளில்லை. ராத்திரிச் சாப்பாடும் என் கடையில் தட்டில் இருக்கிற காளான் ரொட்டியும் நெத்திலியும்தான்.

நான் பெரிய கம்பெனிச் சரக்கு வாங்குவதில்லை. வாரம் ஒரு விவசாயியிடம் ஒரு பீப்பாய் எடுப்பேன். அது தேறுமா தேறாதா என்று சொல்வது எவரிஸ்தோ. முகர்ந்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடுவார். மற்ற இருவரும் கோப்பையைத் தொடாமல் காத்திருப்பார்கள். “பரவால்ல” என்றால் நல்ல ஒயின். “குடிக்கலாம்” என்றால் அந்த விவசாயியிடம் இனி நான் போகக் கூடாது. ஒன்றுமே சொல்லவில்லை என்றால் பிரமாதம்.

போன மே மாதம் ஒருநாள் ஏழு மணிக்கு, கடையின் பின்பக்கமாகச் சமையலறைக்கு வந்து நின்றார்.

“ஃபெலிசா, கணையம் கெட்டுப்போச்சாம். ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுங்கறா டாக்டரம்மா. இன்னொரு தடவ வலி வந்தா நேரா ஆஸ்பத்திரிதானாம்.”

“சரி, விட்டுருங்க. ஊருல இருக்கற ஒயினையெல்லாம் நீங்களே குடிக்கணும்னு வேண்டுதலா?”

“தியோஃபிலோவ நெனச்சுப் பாரு.”

தியோஃபிலோ இவர்களோடு நாலாவது ஆளாக இருந்தவர். இதயத்துக்காகக் குடியை நிறுத்திவிட்டு, முதல் நாள் காப்பி கேட்டார். எவரிஸ்தோதான் கை துடைக்கும் காகிதத் துணி ஒன்றை எடுத்து அவர் கழுத்தில் கட்டிவிட்டு, “குழந்தைக்குப் பால் இருக்கா ஃபெலிசா?” என்று கேட்டவர். தெருவே சிரித்தது. தியோஃபிலோவும் சிரித்தார். மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். சத்தம் தெருவரை கேட்கும்.

“அந்தத் துணியக் கட்டுனது நான்தான்,” என்றார் எவரிஸ்தோ. “எனக்கு யாரு கட்டுவாங்களோ.”

எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டேன்.

ஏற்பாடு ஒன்று செய்தோம். அவர் கோப்பையில் மட்டும் புளிக்காத கறுப்புத் திராட்சைச் சாறு. பார்க்க ஒயின்தான். மற்ற இரண்டு கடைக்காரர்களிடமும் நானே சொல்லிவைத்தேன். தினமும் ஏழு மணிக்கு என் சமையலறைக்கு வந்து, அன்றைய ஒயினை முகர்ந்து பார்த்துக்கொள்வார். ஒருமணி நேரம் கழித்து வாசலில் சாற்றை ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, “பரவால்ல” என்பார். மூக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தடவையும் தப்பாகச் சொன்னதில்லை.

கோடை வந்ததும் வாசலில் காலிப் பீப்பாயைப் போட்டு அதன்மேல் கோப்பைகளை வைப்பேன். குளவிகளும் வரும். ஒயினுக்கு ஒன்றிரண்டு வந்தால் சாற்றுக்குப் பத்து வரும். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆனால் ஒருவரும் எதையும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. சதூரியோ மட்டும் தன் வட்டத் தொப்பியைக் கழற்றி எந்நேரமும் விசிறிக்கொண்டிருந்தார்.

“என்ன சதூரியோ, மாடு வாலாட்டற மாதிரி? உள்ளதான் ஃபேன் ஓடுதே,” என்று கேட்டேன்.

“எனக்கு உடம்புச் சூடு. உனக்கென்ன?” என்றார்.

செப்டம்பரில் அறுவடை தொடங்கியது. ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள். ஒரு சனிக்கிழமை தலைநகர் மத்ரீதிலிருந்து வந்த இளம் தம்பதி ஒன்று நேராக எவரிஸ்தோவிடம் வந்தது. ஆற்றோரத்துக் கிடங்கைச் சுற்றிப் பார்த்து, இருபது வருடத்துப் பழைய பாட்டில் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதை மெழுகுவர்த்தி பிடித்துத் தெளியவைத்த ஆள் எங்கள் தெருவில் இருக்கிறார் என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். என் கடைவாசலிலேயே பாட்டிலைத் திறந்து ஐந்து கோப்பையில் ஊற்றினார்கள். பாட்டில் காலி.

“நீங்க செஞ்சது ஐயா. குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க,” என்றாள் அந்தப் பெண்.

எவரிஸ்தோ வாங்கி முகர்ந்தார். மூக்கை எடுக்கவே இல்லை. அம்பாரோ இருந்த காலத்து ஒயின் அது. மெல்சோர் கோப்பையைத் தொடாமல் காத்திருந்தார். எவரிஸ்தோவின் கை வாய்க்குப் போவதை நான் உள்ளிருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் போகிறேன், ஜன்னலோரம் உட்கார மாட்டேன் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

“குளவிடா!” என்று தொப்பியால் ஓங்கி அடித்தார் சதூரியோ. கோப்பை கல்தரையில் விழுந்து சிதறியது.

“கெழட்டுக் கழுதை!” என்று மெல்சோர் பாய்ந்தார். “அதுக்கு உன் வீட்டையே எழுதி வெச்சாலும் ஈடாகாதுடா!”

“கண்ணு தெரியல, என்ன பண்ணச் சொல்ற?” என்று முணுமுணுத்தார் சதூரியோ.

அந்தப் பெண் தன் கோப்பையை நீட்டினாள். எவரிஸ்தோ தலையசைத்தார். “மோந்துட்டேன்மா. போதும்.” அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று மெல்சோர்தான் தம்பதிக்கு விளக்கினார்.

சதூரியோ துடைப்பம் கேட்டு உள்ளே வந்தார். நான் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தவள். பக்கத்தில் குளவியே இல்லை.

“எத்தன நாளா தெரியும்?” என்று கேட்டேன்.

“முதல் குளவி வந்தன்னைக்கே. துடைப்பத்தக் குடு. அவனுக்கு வழக்கமா ஊத்தறத ஊத்து. அவன்கிட்ட வாயத் தொறந்துடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

கோடை முழுக்க அந்த மனிதர் விசிறியது வெயிலுக்காக இல்லை, குளவிகளை விரட்ட. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாத்திரம் கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு எவரிஸ்தோ சமையலறைக்கு வந்தார். ஒயினை நீட்டினேன். முகரவில்லை.

“நேத்து குளவி எதுவும் வரல, ஃபெலிசா.”

கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் வந்த வழியே போய்விட்டார். இனி வர மாட்டார் என்றே நினைத்தேன். ஏழரை ஆனது, எட்டு ஆனது. நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டேகாலுக்கு மூவரும் வந்தார்கள். கோப்பைகளை வைத்தேன். எண்ணி ஒரு நிமிடம் ஆகவில்லை, எவரிஸ்தோவின் கோப்பை விளிம்பில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. சதூரியோ தொப்பியைத் தூக்கினார். எவரிஸ்தோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுடா. சாறுதான. அதுவும் ஒரு வாய் குடிச்சுட்டுப் போகட்டும்.”

மெல்சோர் கோப்பையைப் பார்த்தார், குளவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பீப்பாய்மேல் காகிதத் துணிகள் அடுக்கியிருந்தன. அவற்றை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“அப்ப நாலு மாசமா மோந்துதான் சொன்னியா?” என்றார் மெல்சோர்.

“ஆமா.”

“சரி, இன்னைக்கு ஒயின் எப்படி?” என்று தன் கோப்பையை எவரிஸ்தோவின் மூக்கருகே நீட்டினார்.

எவரிஸ்தோ முகர்ந்தார். “பரவால்ல,” என்றார். பிறகே மற்ற இருவரும் குடித்தார்கள். அந்தக் கோடையில் சதூரியோவின் தலையில் தொப்பி இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.