படகுக்காரர் வீட்டு மூக்குவண்டுகள்

ஏரிக்கரைத் தெருவில் எல்லோரும் அவரை வண்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக அந்தப் பெயரை வைத்தவர் வேறு யாருமில்லை, கட்டிய கணவரேதான். பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வண்டம்மாவுக்கு உதவியாளர் வேலை. கொட்டகைத் தொட்டிகளில் மூக்குவண்டு வளர்ப்பார். ஓர் அரிசிமணி நீளம்தான் இருக்கும், மண் நிறம். பகலெல்லாம் இலையிடுக்கில் ஒளிந்து கிடக்கும்.

கணவர் ஏரியில் படகு ஓட்டி ஆட்களை அக்கரை சேர்ப்பவர். யாரோ அழகுக்காக வாங்கிக் குளத்தில் விட்ட ஆகாயத்தாமரை, வாய்க்கால் வழியாக வந்து ஏரியையே பாய் விரித்தாற்போல மூடியிருந்தது. படகின் விசிறியில் சுற்றிக்கொண்ட வேரை அறுத்துப் போடவே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் அந்தக் கடுப்பு வண்டுகள் மேல் திரும்பும்.

"ஏரியில யானை மாதிரி படுத்துக் கிடக்கு. நீ கொசுவை விட்டுக் கிளப்பப் பார்க்கிறே."

"செடி இங்க வந்தப்போ அதைத் தின்கிற பூச்சி கூட வரலைங்க. அதான் இந்த ஆட்டம் ஆடுது. இதுங்களுக்கு அதைத் தவிர வேற எதுவும் இறங்காது," என்பார் வண்டம்மா. சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு புயலில் கொட்டகைக் கூரை பறந்தது. நிலையத் தலைவியிடம் கேட்டு, தப்பித்த தொட்டிகளை வண்டம்மா தன் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தார். நேரம் பார்த்து, வெளியூரில் இருந்த மகளுக்கு முன்கூட்டியே பிரசவ வலி கண்டுவிட்டது. வேறு வழியில்லாமல் தொட்டிகளைக் கணவர் தலையில் கட்டிவிட்டுப் பேருந்து ஏறினார்.

பேத்தி பிறந்தாள். முதலில் போனில் வண்டுகளைப் பற்றிக் கேட்டால், "இருக்கு இருக்கு" என்று மட்டும் பதில் வந்தது. போகப்போகக் கணவரே கூப்பிட ஆரம்பித்தார். பேத்தி பால் குடித்தாளா, தூங்கினாளா என்று விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

"இலையெல்லாம் சதுரம் சதுரமா சுரண்டி வச்சிருக்கு. அப்படித்தானே இருக்கணும்?"

மடியில் குழந்தை விழித்துவிடாமல் இருக்க வண்டம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. தினமும் படகிலிருந்து இளஞ்செடியாகப் பார்த்துப் பறித்துவந்து போடுகிறாராம். மற்ற படகோட்டிகள் அவரை வண்டப்பா என்கிறார்களாம்.

ஊர் திரும்பியவரை, பையைக் கூட இறக்கவிடாமல் கணவர் மாடிக்கு இழுத்துப்போனார். தொட்டிகளில் வண்டு பெருகியிருந்தது. தண்டுகளைப் பிளந்தால் உள்ளே புழுக்கள் குடைந்துகொண்டிருந்தன. தலைவி வந்து பார்த்து, ஏரியில் விடலாம் என்றார். கூடைகளோடு படகு கிளம்பியது. பாதி வழியில் கணவர் விசைப்பொறியை நிறுத்திவிட்டு, இங்கே காற்று அதிகம், ஏரியின் மூலையில் விடலாம் என்றார். மகளைக் கட்டிக்கொடுத்தபோது இருந்த முகம்தான் அது என்று வண்டம்மாவுக்குத் தோன்றியது.

நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செடி அள்ளும் இயந்திரம் வந்தது. ஒட்ட வழித்து எடுத்தால் வேரில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுக்களும் கரையேறிச் செத்துப்போகும். வண்டம்மா தலைவிக்குப் போன் போடுவதற்குள், கணவர் படகை இயந்திரத்துக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார்.

"இந்த மூலையை விட்டுடுங்க சார். எங்க வீட்டுப் பிள்ளைங்க இருக்கு."

இயந்திரத்தோடு வந்திருந்த பொறியாளர் திகைத்துப்போனார். வண்டம்மா போனை அவர் கையில் கொடுத்தார். தலைவி பேசியதும் மூலை தப்பியது.

அள்ளிய இடத்தில் செடி மறுபடி துளிர்த்தபோது, மூலையிலிருந்து வண்டுகள் பரவின. இலைகள் கருகின, பூ குறைந்தது, செடி குட்டையாகவே நின்றது. அடியோடு ஒழியவில்லை, ஆனாலும் படகு தடங்கலில்லாமல் போய் வருகிறது.

செடி குறைந்தால் வண்டும் குறையும் என்று தெரிந்ததிலிருந்து கணவருக்கு மனசு கேட்கவில்லை. மாடியில் ஒரு தொட்டி வேண்டும் என்று தலைவியிடம் அவரே போய்க் கேட்டு வாங்கிவந்தார். பூ விட்டால் விதை சிந்தும் முன்னே கிள்ளிவிட வேண்டும் என்று வண்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் கண் விழித்ததும் மாடிக்குப் போகிறவரிடம், காபி ஆறுகிறது என்று இப்போது கீழேயிருந்து குரல் கொடுப்பது வண்டம்மாதான்.