கையால் கதைக்கிறவர்களுக்கு ஒரு பக்கேஜ்

எனக்கு அடுத்துப் பிறந்த தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்துக்குள் ஓடித் திரிந்த காலத்திலேயே நாங்கள் இருவரும் ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். மணிக்கட்டில் விரலால் ஒரு கீறு கீறினால் குலை வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். மூக்கைப் பொத்தினால் பக்கத்து வீட்டு மாமா. அவர் சுருட்டுக் குடிப்பவர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே எழுந்து நின்று பதில் சொல்ல வெட்கம். இன்றைக்கும் நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. தங்கையோடு மட்டும் அந்த வெட்கம் இருந்ததில்லை.

அவளைத் திருகோணமலைக்குக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. தையற்காரர், நல்ல மனிதர். அவர் பள்ளிக்கூடத்தில் பழகிய கைமொழி வேறு. அவர்கள் வீட்டுக்குள் அதுதான் நடக்கிறது. பெற்றோர் போனபிறகு, பிறந்த வீட்டுப் பேச்சில் அவளோடு கதைக்க நான் ஒருவன்தான் மிச்சம்.

வீட்டுக்கு இன்டர்நெட் எடுத்தது அதற்காகத்தான். வீட்டுக்கு வந்த கம்பனிப் பொடியன் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். இரண்டு வருடத்துக்கு விலகக்கூடாது, விலகினால் தண்டம் என்று சொன்னான். பின்னேரங்களில் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டு வந்து, கால் கழுவி, சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்தால் வீடியோவில் தங்கை வந்துவிடுவாள். மனைவி பார்த்துச் சிரிப்பாள்.

“ஊரிலை ஒருத்தரோடையும் வாய் திறக்காத மனிசன். இஞ்சை பாருங்கோவன், கை ஓயுதோ எண்டு!”

வருடம் முடியும் முன்பே, அடுத்த மாதத்திலிருந்து விலை கூடுகிறது என்று போனுக்கு மெசேஜ் வந்தது. பொறுத்துக்கொண்டோம். சில மாதத்தில், திரும்பவும் கூடுகிறது என்று இன்னொன்று வந்தது. மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“விலகக்கூடாதெண்டு கட்டினது எங்களை மட்டுமோ? அவை தங்களைக் கட்டேல்லையோ?”

எங்கள் பக்கத்தில் குலை முற்றுமுன்பே வியாபாரி வந்து விலை பேசி, தண்டில் ஓர் அடையாளம் கட்டிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு சந்தை ஏறினாலும் இறங்கினாலும் பேசினது பேசினதுதான். அந்த நினைவில் எனக்கும் மனம் வலித்தது. ஆனால் உரமும் டீசலும் மின்சாரமும் ஏறிய காலம் அது. அவர்களுக்கும் ஏறியிருக்கும் என்றும் தோன்றியது.

“இப்பிடியே காசு கட்டேலாது. குறைஞ்சதுக்கு மாத்தலாமோ எண்டு கேளுங்கோ.”

“போனிலை கேட்டுப் பாக்கிறன்.”

“போனிலை நீங்கள் ஓம், ஓம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவியள். நேரை போங்கோ.”

யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய அலுவலகத்தில் வரிசை இலக்கத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த வயதான ஒருவர் கேட்டார்:

“தம்பியும் உந்த விலைக் கதைக்கோ வந்தனீர்?”

“ஓம்.”

“நான் போன மாசமும் வந்தனான். விலை இறங்கேல்லை. ஆனால் ஏசி நல்ல குளிர். வெயிலுக்குள்ளை இதாவது மிச்சம்.”

என் இலக்கம் வந்தபோது அவரும் பின்னாலேயே வந்து நின்றார். மேசைக்கு அப்பால் இருந்தது ஒரு இளம் பெண்பிள்ளை, சிரித்த முகம்.

“ஐயா, வீட்டிலை படிக்கிற பிள்ளையள் இருக்கினமோ?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“படம் பாக்கிறனீங்களோ?”

அதற்கும் தலையாட்டினேன்.

“அப்ப கதைக்கத்தானே? சின்னப் பக்கேஜ் ஒண்டு இருக்கு. எந்தப் போனுக்கும் எவ்வளவும் கதைக்கலாம். வீடியோப் படம்தான் வராது.”

வீடியோ இல்லாவிட்டால் தங்கையோடு கதைக்கவே முடியாது என்று சொல்லவேண்டும். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். வாயால் சொல்ல வராமல் போனை எடுத்துத் தங்கைக்கு வீடியோவில் அடித்தேன். அவசரத்துக்கென்று கைப்போனில் கொஞ்சம் டேட்டா வைத்திருப்பேன். ஐந்து நிமிடத்துக்குத்தான் காணும்.

கழுத்தில் அளவு நாடாவோடு தங்கை வந்தாள். இந்த நேரத்தில் ஏன், யாருக்கு என்ன என்று அவள் கை பதறியது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றேன். பிறகு, அதுவரை மறைத்து வைத்திருந்த விலைக் கதையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. நூலைப் பல்லால் கடித்து அறுப்பதுபோல் காட்டினாள்.

“என்ன சொல்லுறா ஐயா?” என்று பிள்ளை மெதுவாகக் கேட்டாள்.

“லைனை வெட்டிப்போடுவீங்களோ எண்டு கேக்கிறா.”

என் வாய் தானாகத் திறந்ததை அப்போதுதான் கவனித்தேன். பிள்ளை போன் பக்கம் திரும்பினாள்.

“இல்லை எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். தங்கை மூச்சு விட்டாள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பிள்ளையைப் பார்த்து ஏதோ சொல்ல, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப என்னவாம்?”

“குறை நினையாதேங்கோ பிள்ளை. உங்கடை சட்டை ஆர் தைச்சதெண்டு கேக்கிறா. தோள்மூட்டு இறங்கிப் போச்சாம்.”

பின்னால் நின்ற முதியவர் உரத்துச் சிரித்தார். பிள்ளை தன் தோளைக் குனிந்து பார்த்தாள்.

“கம்பனியிலை எல்லாருக்கும் ஒரே அளவிலை தந்தவை. சரியாத்தான் சொல்லுறா.”

சிரிப்பு அடங்கியதும் அவள் ஒளிக்காமல் சொன்னாள்: “விலை என்ரை கையிலை இல்லை ஐயா. நடுவிலை ஒரு பக்கேஜ் இருக்கு. இப்ப கட்டுறதை விடக் குறைவு. படம் வரும், ஆனால் இழுபட்டு வரும். எடுத்தால் ரெண்டு வருசம் திரும்ப முதல்லையிருந்து துடங்கும். அதுக்குள்ளை விலை ஏறாதெண்டும் நான் பொய் சொல்லமாட்டன்.”

எல்லாவற்றையும் தங்கைக்குக் கையால் சொன்னேன். ஏறினால் என்ன செய்வது என்று கேட்டேன். அது ஏறும்போது பார்ப்போம், எடு என்றாள். போனில் டேட்டா முடிந்து அவள் மறைந்தாள். நான் கையெழுத்து வைத்தேன்.

பக்கேஜ் மாறிய அன்று பின்னேரம் தங்கையின் கைகள் சதுரம் சதுரமாக உடைந்து வந்தன. குரல் அரைகுறையாய் வந்தாலும் காது நிரப்பிக்கொள்ளும். கை அப்படியில்லை, ஒரு விரல் தவறினால் சொல் மாறிவிடும். மூக்கைப் பொத்தினாளா, முகத்தைத் துடைத்தாளா என்று தெரியாமல் விழித்தேன். அவளும் அந்தப் பக்கம் விழித்திருப்பாள். எனக்குக் கண் கலங்கியது. அவளுக்கு அது தெரிந்திருக்காது, அவ்வளவு மோசமான படம்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு கையை உயர்த்தி அசையாமல் பிடித்தாள். அசையாத கை, மெல்ல மெல்லத் தெளிந்து, முழுதாக வந்து சேர்ந்தது.

இப்போது அப்படித்தான் கதைக்கிறோம். முன்போல் ஊர்ச் செய்தி, புதினம் எல்லாம் சொல்லி முடிக்க நேரம் காணாது. சாப்பிட்டாயா என்று அவள் கேட்டால், குவிந்த விரல்கள் வாயருகே அப்படியே நிற்கும். நான் தலையாட்டி, அந்தத் தலையாட்டல் திருகோணமலைக்குப் போய்ச் சேரும்வரை அவள் கையை இறக்கமாட்டாள்.