ஜீப்புக்கு என்ன நிறம் அடிப்பது?

போன கிழமை கொள்ளுப்பிட்டியில் ஒரு கோப்பிக் கடை வாசலில் பழைய லேண்ட்ரோவர் ஜீப் ஒன்றை அலங்காரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். பச்சையென்றால் அப்படியொரு பச்சை. இளசுகள் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். அந்தப் பச்சையைக் கண்டால் இன்றைக்கும் என் கை தானாகவே சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடும்.

என் வாலிபத்தில் பாதி, வெள்ளவத்தையில் மாமா வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் கழிந்தது. மாமா என்றால் அம்மாவின் தமையன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். வன்னிக் குளங்களையெல்லாம் ஜீப்பில் சுற்றிய மனிதர். அவர் கொழும்புக்கு மாற்றலாகி வந்த கையோடு சண்டை மூண்டு, யாழ்ப்பாணப் பாதை பூட்டுப்பட்டது. மாமி கோண்டாவிலில் வீட்டோடு நின்றுவிட்டார். நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக் வேலை பார்த்தேன். வேலை விட்டால் பொழுதுபடமுன் வீட்டுக்குள் அடைந்துவிட வேண்டும். கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும்; அந்தப் பதிவு இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். கூப்பிடு தூரத்தில் கடல். காற்று வாங்கப் போகத் துணிவு வராது. மூச்சு முட்டிக்கொண்டுதான் கிடந்தோம்.

அப்போதுதான் மாமா எங்கோ ஏலத்தில் எடுத்த ஓட்டை ஜீப் ஒன்றை லொறியில் கட்டி இழுத்து வந்தார்.

"பாதை திறக்கிற அண்டைக்கு இதிலதான் போய் மாமியை ஏத்திக்கொண்டு வருவன்."

"பஸ்ஸில போனா என்ன மாமா?"

"ஆனையிறவுப் பக்கம் றோட்டு எண்டு ஒண்டு மிச்சம் இருக்குமோ? கிடங்கு கிடங்காய்த்தான் கிடக்கும். இது ஏறும்."

அன்றைக்கே இருவரும் வேலையில் இறங்கினோம். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்தோம். நாங்கள் சமைத்த பருப்பில்கூட மண்ணெண்ணெய் மணத்தது. பாகங்கள் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போவது என் பொறுப்பு. வயரும் கொயிலும் நிறைந்த பையோடு ஒரு தமிழன் சென்ட்ரிப் பொயின்றைத் தாண்டி வருவதை யோசித்துப் பாருங்கள். "மே பரண ஜீப் எக்கக்க படு, மஹத்தயா" என்று, இவை பழைய ஜீப் ஒன்றின் சாமான்கள் ஐயா என்பதைச் சிங்களத்தில் பஸ் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வருவேன். ஆமிக்காரன் பையைத் திறந்ததும் எல்லாம் மறந்து அடையாள அட்டையை மட்டும் நீட்டுவேன்.

எல்லாம் நல்லபடி போய், கடைசியில் வர்ணத்தில்தான் பிழை விட்டோம். அடுக்கடுக்காய்ப் பூசியிருந்த பெயின்ற்றை மாமா சாண்ட்பேப்பரால் உரசிக்கொண்டே போனார். அடியில் கம்பனி அடித்த பச்சை தெரிந்தது. ஆளுக்கு ஒரே குதூகலம். அதே பச்சையைத் தேடிப்பிடித்து, முன்னுக்கு இருந்து பின்வரை தானே அடித்தார். நானும் பக்கத்தில் நின்று மெச்சினேன். இரண்டு தமிழர் போர்க்காலத்தில், கொழும்பின் நடுவில், ஒரு ஜீப்புக்கு இராணுவப் பச்சை அடித்திருக்கிறோம் என்பது இரண்டு மண்டைக்கும் ஏறவில்லை!

வீடு செக் பண்ண வந்த பொலிஸ்காரருக்கு உடனே ஏறியது.

"மேக்க ஹமுதா பாட்ட நேத?" இது ஆமிக் கலர் அல்லவா என்றார்.

"நே மஹத்தயா, கம்பனியே பாட்ட" இல்லை ஐயா, கம்பனிக் கலர் என்றார் மாமா, வலு பெருமையாக.

ஒரு பகல் முழுக்க இருவரையும் பொலிஸ் நிலையத்து மரவாங்கில் இருத்தி விசாரித்தார்கள். நிறத்தை மாற்றும்வரை வண்டி வளவை விட்டு அசையக்கூடாது என்று விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாநாடு தொடங்கியது.

"வெள்ளை அடிப்பமோ?"

"ஆள் கடத்திற வெள்ளை வான் எண்டாலே சனம் கதவைச் சாத்துது மாமா."

"நீலம்?"

"பொலிஸ் எண்டு நினைப்பினம்."

"கறுப்பு?"

"மந்திரிமாற்ற வாகனம்."

கடைசியில் மஞ்சள் அடித்தோம். காய்ச்சின பருப்பு மாதிரி இருந்தது. மாமா அதற்குள் ஏறி, ஸ்டியறிங்கைப் பிடித்தபடி, மதிலைப் பார்த்துக்கொண்டு பின்னேரங்களில் சும்மா இருப்பார். எனக்கு அது பார்க்கவே பொறுக்காது.

பிறகு சமாதானம் என்றார்கள், பாதையைத் திறந்தார்கள். மாமாவும் நானும் விடியப் புறப்பட்டோம். கிடங்கு பள்ளமெல்லாம் ஜீப் ஏறி இறங்கியது. கோண்டாவில் வீட்டு வாசலில் மாமா விடாமல் ஹோர்ன் அடித்தார். மாமி வெளியே வந்தார். நன்றாக மெலிந்து போயிருந்தார். ஜீப்பை ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"உடுப்பை எடும், போவம்" என்றார் மாமா.

"நான் இதில ஏறினா நாளைக்கே வீட்டுக்க ஆமி வந்து குந்திடும். எத்தினை வருசமாய்த் தனிய நிண்டு காத்த வீடு. இறங்கி முகத்தைக் கழுவுங்கோ."

மாமா இறங்கினார். அவ்வளவுதான். நான் மட்டும் பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்பினேன்.

சமாதானம் கலைந்து பாதை மறுபடி பூட்டுப்பட்டபோது, பதறிப்போய்ப் பலநாள் முயன்று போன் எடுத்தேன்.

"திரும்ப மாட்டுப்பட்டிட்டியளே மாமா!"

"விசரா, மாட்டுப்பட்டுக் கிடந்தது வெள்ளவத்தையில. இஞ்ச நான் வீட்டில இருக்கிறன்."

ரிசீவரை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். இருட்டமுன் கதவைத் தாழிட்டிருந்தேன்.

மாமியும் மாமாவும் அடுத்தடுத்துக் காலமாகிவிட்டார்கள். ஜீப்பை யார் கொண்டுபோனார்களோ தெரியாது. வெள்ளவத்தை வளவில் இப்போது அடுக்குமாடி எழும்பிவிட்டது. காவலரண் இல்லை, பதிவு இல்லை. காலிக்குப் போகும் பெருவீதியில் நின்றால் யாழ்ப்பாணத்துக்கு ஏசி பஸ் நாளாந்தம் ஓடுகிறது. நினைத்தால் இன்றிரவே ஏறிவிடலாம். யாரைப் பார்க்கப் போவது?