குண்டூசி குத்திய பக்கங்கள்

அப்புறக்கா என்ற பெயரைச் சின்னவள் முதன்முதலாகக் கேட்டது பாத்திரம் கழுவுகிற இடத்தில். சின்னவளுடைய ஒன்றரை வயதுப் பிள்ளை காய்ச்சலில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. சின்னவள் என்றால் அந்த வீட்டின் சின்ன மருமகள். மூத்த மருமகள் சோப்பு நுரை வழியும் கையோடு திரும்பி, "சுவத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா பைத்தியம்தான் பிடிக்கும். நாளையிலருந்து என்கூடப் பட்டறைக்கு வா. அப்புறக்கா பக்கத்துல உட்கார வைக்கிறேன்" என்றாள்.

"அது என்னக்கா பேரு, அப்புறக்கா?"

"வந்து பாரு, தெரியும்."

பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறை அது. முன் கூடத்தில் மெஷின்கள் கடகடவென்று ஓடும். பின்னால், கதவைச் சாத்தினால் சத்தம் பாதியாகிற நீள அறையில்தான் கைவேலை. பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, பிசிறு வெட்டுவது. ஜன்னலோரத்தில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற ஒரு பெரிய உடம்புக்காரி. எல்லோருக்கும் அவள் காஜா அத்தை. அங்கே பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவளுக்கு மதம் வேறு, ஆனால் கதை என்றால் காது இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிடுவாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த அறையில் ஒரு ஏற்பாடு. அப்புறக்காவின் கூடையில் இருக்கிற சட்டைகளை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். அப்புறக்கா கையைத் துடைத்துவிட்டு, மடியில் தலையணை மாதிரி கனத்த ஒரு புத்தகத்தை விரிப்பாள். நபிகள் நாயகத்தின் வரலாறு. நாயகத்தின் பெயர் வரும்போதெல்லாம் சலவாத்து என்கிற வாழ்த்தைச் சொல்ல வேண்டுமே, பாதிப் பேர் வாயில் நூல் இருக்கும். உதட்டுக்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு அறையைச் சுற்றி வரும். மணியடித்ததும் அவள் புத்தகத்தை மூடுவாள். எல்லோரும் ஒரே குரலில் "அப்புறம்?" என்பார்கள். "அப்புறம் நாளைக்கு" என்பாள். பெயர் வந்த விதம் அதுதான்.

அப்புறக்கா ஐந்தாவதுக்கு மேல் படித்தவள் இல்லை. ஐந்து பெண்களில் மூன்றாவதாகப் பிறந்து, ஒரு லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவருக்கு எழுத்துக்கூட்டவும் வராது. ஒரு முறை பழைய புத்தகக் கடையில், கனமாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பி, இந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். லாரியை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிற நாட்களில் அவள் படிப்பாள், அவர் கேட்பார். கேட்டபடியே தூங்கிப்போவார். குறட்டைக்கு நடுவில் "உம், மேல படி" என்பார். அவர் இறந்த பிறகு பிள்ளை குட்டி இல்லாத அவள் பட்டறைக்கு வந்தாள், புத்தகமும் கூடவே வந்தது.

இடையில் யார் யாரோ நாயகத்தைப் பற்றிய வேறு புத்தகங்களும் கொண்டுவந்தார்கள். ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கானது. "இது சீக்கிரமா முடிஞ்சிருதுடி" என்று காஜா அத்தை தள்ளிவிட்டாள். இன்னொன்றில் பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பு. யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்பு என்று ஒரே வழக்கு. "இவரு கதை சொல்றாரா, சண்டைக்குக் கூப்பிடுறாரா?" என்று மூத்தவள் கேட்டாள். லாரிக்காரர் வாங்கியதையே வைத்துக்கொண்டார்கள். அதில் போர் இருந்தது, ஆனால் வீடும் இருந்தது. செருப்புத் தைத்தது, ஆட்டில் பால் கறந்தது, பேரப்பிள்ளைகள் முதுகில் ஏறியது எல்லாம் இருந்தது.

அப்புறக்காவுக்கு ஒரு பழக்கம். புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தால், அவளுக்கு என்ன துக்கம் என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்வாள். அந்தத் துக்கம் வருகிற பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசியால் குத்திவிடுவாள். படிக்கும்போது கட்டாகப் புரட்டிக்கொண்டு போய்விடுவாள். கணவனை இழந்தவளுக்கு ஒரு ஊசி, சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தவளுக்கு ஒரு ஊசி. "இப்படியே போனா புத்தகத்துல ஒட்டகம் மட்டும்தான் மிஞ்சும்" என்று மூத்தவளே கேலி செய்வாள். கேலி செய்தவளேதான் சின்னவளை அழைத்து வருவதற்கு முந்தின நாள் அப்புறக்காவின் காதில் விஷயத்தைப் போட்டாள்.

சின்னவள் வந்தாள், உட்கார்ந்தாள், பட்டன் தைத்தாள். அவள் அழுவதில்லை. அழ விடவில்லை என்பதுதான் சரி. பிள்ளையை அடக்கம் செய்த அன்றே மாமியார் கையைப் பிடித்து, "அழாதேம்மா. அழுதா அல்லாஹ் செஞ்சதைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும். பொறுமையா இரு" என்றாள். வீட்டுக்காரனும் அம்மா சொன்னதே சரி என்று வாயைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளையின் பெயரை யாரும் சொல்லவில்லை. தான் பெற்ற பிள்ளையின் முகமே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுமோ என்ற பயம் சின்னவளுக்கு. அதை யாரிடம் சொல்வது?

சில வாரம் கழித்து, வரலாறு கடைசிக் காலத்துக்கு வந்தது. நாயகத்துக்கு வயதான பிறகு ஓர் ஆண் பிள்ளை பிறக்கிறது. ராத்திரி பிறந்த பிள்ளைக்கு முன்னோரான இப்ராஹீம் நபியின் பெயரை வைத்திருப்பதாக நாயகம் தோழர்களிடம் வாய் நிறையச் சொல்கிறார்கள். பால் கொடுக்கப் பிள்ளையை ஒரு கொல்லருடைய மனைவியிடம் விட்டிருக்கிறார்கள். கொல்லன் உலைப் புகை வீடு முழுக்க நிற்கும். அந்தப் புகைக்குள் புகுந்து போய்ப் பிள்ளையை வாங்கி, முத்தம் கொடுத்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

"மோந்து பார்ப்பாங்களா!" என்று காஜா அத்தை பூரித்துப்போனாள். "அப்படித்தானே இருக்கணும் ஆம்பள!"

மணியடித்தது. மறுநாள் அப்புறக்கா ஊசி குத்திய கட்டைப் புரட்டி, கடைசி ஹஜ்ஜுக்குக் கிளம்புகிற இடத்தில் ஆரம்பித்தாள். கூட்டம், ஒட்டகம், கூடாரம். நாலு வரி போயிருக்கும்.

"அந்தப் புள்ள என்னாச்சுக்கா?" என்றாள் சின்னவள்.

வந்த நாளிலிருந்து அவள் அந்த அறையில் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி. ஊசிகள் அப்படியே நின்றன.

"எந்தப் புள்ளம்மா?"

"கொல்லர் வீட்டுல இருந்துச்சே, அது. நேத்து மோந்து பார்த்தாங்களே."

அப்புறக்கா மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் தரையைப் பார்த்தாள். "அது அப்புறம் வரும்" என்று அப்புறக்கா இழுத்தாள்.

"வராதுக்கா. நீங்க கட்டாத் தள்ளுனதை நான் பார்த்தேன். படிங்க."

"வேண்டாம்டி தங்கம்."

"அந்தப் புள்ளையும் போயிடுச்சா? சொல்லுங்க. எங்க வீட்டு மாதிரி நீங்களும் மூடி வைக்காதீங்க."

அப்புறக்கா ஊசியைப் பிடுங்கினாள். படித்தாள். பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது. தகப்பனார் கையில் எடுத்து வைத்திருக்கிறார்கள், கண்ணிலிருந்து நீர் வழிகிறது. பக்கத்தில் இருந்த தோழர் ஒருவர், நீங்களுமா அழுகிறீர்கள் என்று கேட்கிறார். இது இரக்கம் என்கிறார்கள். கண் அழத்தான் செய்யும், மனசு வலிக்கத்தான் செய்யும், இறைவனுக்குப் பிடிக்காத சொல் மட்டும் வாயில் வராது என்கிறார்கள். பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, உன்னைப் பிரிந்ததில் எங்களுக்குத் துக்கம்தான் என்கிறார்கள்.

"பேரைச் சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. இங்க இருக்கு பாரு."

சின்னவள் மடியில் இருந்த சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது. நடுவில் தன் பிள்ளையின் பெயரைச் சொன்னாள், மறுபடி மறுபடி சொன்னாள். காஜா அத்தை எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "என்னாச்சு, ஊசி குத்திடுச்சா?" என்றான். "ஊசி எடுத்தாச்சு, நீ போப்பா" என்றாள் மூத்தவள்.

சாயங்காலம் விஷயம் மாமியாருக்குப் போனது. அவளுக்கு வந்ததே கோபம். "பட்டன் தைக்கிற இடத்துல மார்க்கம் சொல்றவ யாரு? எந்தப் புத்தகம்? நான் பார்க்கணும்."

மறுநாள் மத்தியானம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறையில் வந்து நின்றாள். அப்புறக்கா பதற்றத்தில் எழுந்துவிட்டாள்.

"உட்காரு. நேத்துப் படிச்சதைப் படி. ஒரு எழுத்து விடக்கூடாது."

படித்தாள். அன்று சூரிய கிரகணம் பிடித்ததையும், பிள்ளைக்காகத்தான் சூரியனே மறைந்தது என்று ஜனங்கள் பேசியதையும், யார் சாவுக்காகவும் சூரியன் மறையாது என்று நாயகம் திருத்தியதையும் சேர்த்தே படித்தாள். தோழர் கேட்ட கேள்வியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள் மாமியார்.

"எனக்கும் ஒண்ணு போச்சு" என்றாள். "இவ புருஷன் பொறக்கிறதுக்கு முன்னால. என் மாமியார் என்கிட்ட என்ன சொன்னாங்களோ, அதைத்தான் நான் இவகிட்ட சொன்னேன். இந்தப் பக்கத்தை யாரும் எனக்குப் படிச்சுக் காட்டலையே." பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, "அழுதுக்கோ தாயி. என்னைப் பார்த்துப் பயப்படாதே" என்றாள். சொல்லிவிட்டு, முதலில் அவள்தான் அழுதாள்.

அதோடு அந்த அறையில் ஆளாளுக்குத் தன் ஊசியையும் எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். காஜா அத்தைக்குத் தன் பெயரிலும் ஒன்று இருந்தது தெரியவே தெரியாது. சின்ன வயதிலேயே தாயை இழந்து அடுத்த வீடுகளில் வளர்ந்தவள் அவள். நாயகத்தின் தாயார் பயண வழியில் இறந்ததும், ஆறு வயதுப் பிள்ளையைப் பணிப்பெண் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியதும் அவளுக்காகத் தாண்டப்பட்டிருந்தது.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா அந்தம்மா உயிரோட இருக்காங்கன்னுல்ல நினைச்சுட்டிருக்கேன்!" என்று அப்புறக்காவின் முதுகில் ஒன்று வைத்தாள். "ஆறு வயசுலயா? எனக்கும் ஆறுதான்டி." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னே" என்றாள்.

சின்னவளுக்குப் பிறகு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தன. அண்ணன் ஒருவன் இருந்தான் என்பது அவர்களுக்குத் தெரியும், பெயரும் தெரியும். வீட்டில் அவன் பேச்சு வரும். மாமியார்தான் முதலில் எடுப்பாள்.

அப்புறக்காவுக்குக் கண் மங்கி வேலை விட்டுப்போனபோது, எங்கே போவாள் என்ற கேள்வியை மாமியார் எழும்பவே விடவில்லை. "என் அறையில இன்னொரு கட்டில் போடு" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். இப்போது அப்புறக்கா அந்த வீட்டில், மாமியாரோடு ஒரே அறையில் இருக்கிறாள். ஃபேன் போடுவதற்கும் நிறுத்துவதற்கும் இருவருக்கும் தினம் சண்டை. நன்றாக இருக்கிறாள்.