ராஸ்பெர்ரி வரிசையில் வெறுங்காலோடு

இந்த ஊரில் தோட்டத்துக்குள் இறங்குவதற்காகக் காலில் பூட்ஸ் மாட்டுகிறார்கள். வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதிலுள்ள விபரீதம் சொல்லாமலே விளங்கும். எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாராவது செருப்புக் காலோடு நுழைந்தால் அப்பா மண்வெட்டியோடு எழுந்து வருவார். கலெக்டரே ஆனாலும் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, கொடி வாடிவிடும். நான் பள்ளிக்கூடம் முடித்தவள். இதையெல்லாம் நம்புகிறேனா என்பது வேறு விஷயம். என் மனசைக் கேட்காமலே கால் செருப்பை உதறிவிடும், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீ என்ற துறைமுக ஊர். என் வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இங்கே ஒரு கப்பல் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. எங்களுக்கு இரண்டு அறை வாடகைக்குக் கொடுத்த மிஸஸ் ரிட்சி கணவனை இழந்தவர், அடுத்த வாசலில் தனியாக இருந்தார். பின்பக்கத்தில் அவருடைய கணவர் ஜார்ஜ் நட்ட ராஸ்பெர்ரி ஒரு வரிசை. கிளென் கிளோவா என்று அந்த ரகத்துக்குப் பெயர். இந்தப் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயராம். ஆள் உயரத்துக்குக் கம்பு கம்பாக வளரும். இரண்டு மரக்கம்பங்களுக்கு நடுவே கம்பி இழுத்து அதில் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த அன்றைக்கே, அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடியை வாழைநாரால் கட்டுகிற அப்பாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்து, இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு வேலையாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். என் கேட்டுக்கு அந்தச் சந்தோஷம்தான் காரணம்.

எங்களுக்கு ஒரே மகள், வடிவு. நாங்கள் கிளம்பும்போது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. மருத்துவப் பரிசோதனையில் அவள் மார்பு எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. ஒரு வருஷம் மருந்து கொடுத்துக் குணமான பிறகுதான் அனுமதி என்றார்கள். நான் அவளோடு தங்கியிருக்கலாம். விதிகள் மாறப்போகின்றன, இப்போது போகாவிட்டால் கதவு அடைபட்டுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பயந்துபோய்க் கிளம்பினேன். அண்ணனும் மதினியும் ஆத்தூரில் அவளை வைத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு இரண்டு பையன்கள், அத்தை அத்தை என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவர்கள். அவர்களோடு விளையாடிக்கொண்டிருப்பாள், தெரியாது என்று எல்லோரும் சொன்னார்கள். தூத்துக்குடி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது, "அப்பா வேல பாக்குற துறைமுகத்துக்குப் போயிட்டு வாரேன், என்ன?" என்று அவளிடம் பொய் சொன்னேன். அவள் நம்பிக் கையை ஆட்டினாள்.

மருந்து முடிந்து நிழல் போய்விட்டாலும், பிள்ளைக்குத் தங்க இடம் இருக்கிறது என்று வீட்டின் சொந்தக்காரர் எழுதிய கடிதம் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மிஸஸ் ரிட்சி குழந்தைகள் இருக்கிற குடும்பத்துக்கு வீடு கொடுத்ததே இல்லை. என் வீட்டுக்காரர் போய்க் கேட்டபோது, "என் முட்டி போய்விட்டது. ஜார்ஜின் வரிசையை உன் மனைவி ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு எழுதித் தருகிறேன்," என்றாராம். அன்றிலிருந்து அந்த வரிசைதான் எனக்குப் பிள்ளை.

முதல் கோடையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பழம் சிவந்து கையோடு கழன்று வந்தது. மாதத்தில் மூன்று நாள் மட்டும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பழம் அழுகி உதிர்ந்து கிடப்பதைப் பார்த்த மிஸஸ் ரிட்சி, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் ஏன் பறிக்கவில்லை?" என்றார். இங்கிலீஷில் அதற்கு எப்படிப் பதில் சொல்வது? சிரித்து வைத்தேன். சோம்பேறி என்று நினைத்திருப்பார். இன்னொரு நாள் நான் வெறுங்காலோடு களை பிடுங்குவதைச் சன்னலிலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் எங்கள் வாசல்படியில் அவர் கணவரின் பழைய ரப்பர் பூட்ஸ் கழுவித் துடைத்து வைத்திருந்தது. செருப்பு வாங்க வழியில்லாதவள் என்று முடிவுகட்டிவிட்டார். மானம் போயிற்று.

பழம் ஓய்ந்ததும், காய்த்து முடிந்த கம்பை வெட்டிவிட்டுப் புதுக் கம்பைக் கம்பியில் கட்டச் சொன்னார். கட்டினேன். அதற்குப் பிறகு அவர் தங்கை வீட்டுக்கு ஒரு மாதம் போனார். அந்த மாதம்தான் இலை பழுத்துக் கொட்ட ஆரம்பித்தது. ஊரெல்லாம் மரங்கள் இலை உதிர்ப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; அது மரம், காட்டில் நிற்பது, பட்டால் பட்டுப் போகட்டும். இது என்னிடம் ஒப்படைத்தது. பத்து நாளில் வரிசை முழுக்க வெறும் குச்சியாக நின்றது. அதே வாரம் அண்ணன் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வடிவு துறைமுகத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி அழுகிறாளாம். பஸ்ஸில் கூட்டிப் போய்க் கப்பலைக் காட்டினால், ஒவ்வொரு கப்பலாக விரலை நீட்டி, "இதுலயா அம்ம வாரா?" என்று கேட்கிறாளாம்.

கொடி ஓய்ந்துபோனால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கட்டை அவிழ்த்து, கொடியை மெள்ளக் கீழே இறக்கி, அடியில் சுருட்டி வைத்து மண் அணைப்பார். கணுவுக்குக் கணு வேர் விட்டுப் புதுக்கொடி கிளம்பும். எங்கள் கொடிக்காலில் சாகப் பார்த்த எத்தனையோ கொடி அப்படிப் பிழைத்திருக்கிறது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஐஸ் மாதிரிக் குளிர்ந்த மண்ணில் நின்று, அந்தக் கம்புகளை ஒவ்வொன்றாக வளைத்தேன். வளையவில்லை. பாதிக்கு மேல் படபடவென்று முறிந்தன. முறிந்ததையும் விடாமல் புதைத்தேன். வரிசை முழுவதும் மண் அணைத்து, நான்கு வாளித் தண்ணீரும் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

மாலையில் வந்து பார்த்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "ஏளா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? பட்டறையில எல்லாவனும் சொல்லுதான், குளிர்ல இது இப்படித்தான் நிக்குமாம். வர்ற வருசம் காய்க்கப் போற கம்புளா அதெல்லாம்!"

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்படாதா?"

கேட்டிருக்க வேண்டும். ராத்திரி பகலாக அதையேதான் நினைத்தேன். மிஸஸ் ரிட்சி திரும்பி வந்து தோட்டத்தைப் பார்த்தபோது கத்தவில்லை. "ஏன்?" என்று ஒரு வார்த்தை மட்டும் கேட்டார். என் அப்பாவின் தோட்டத்தில் ஒரு இலை இருக்கிறது, அதைச் சாகாமல் காப்பாற்ற நாங்கள் அதைப் புதைப்போம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பிரார்த்தனை ஏதோ சொல்வதாக நினைத்தாரோ என்னவோ, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார். கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, வசந்தம் வரட்டும் என்றார்.

அந்தக் குளிர்காலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று விவரிக்க விருப்பமில்லை. மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். சன்னலில் நின்று அந்த மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பிப் போய்விடுகிறேன் என்று சொல்லிப் பெட்டியை இரண்டு தரம் எடுத்தேன், டிக்கெட்டுக்கு வழியில்லை. தை மாதக் கடிதத்தில் அண்ணன் எழுதியிருந்தான்: "கவலப்படாத. இப்ப வடிவு துறைமுகம்னு கேக்குறதே இல்ல. அழுகைய நிறுத்திட்டா." எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பான். அதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகை இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஏப்ரலில் ஒரு நாள் மிஸஸ் ரிட்சி கதவைத் தட்டினார். வெளியே இழுத்துக்கொண்டு போனார். மண்மேட்டைப் பிளந்துகொண்டு விரல் நீளத்துக்குப் பச்சை முளைகள், வரிசை முழுக்க. நான் புதைத்த கம்புகள் மக்கிப் போயிருந்தன. அடியில் இருந்த பழைய வேர் தன்பாட்டுக்குத் தளிர்த்திருந்தது. "வேர் சாகவில்லை. ஆனால் இந்த வருஷம் பழம் கிடையாது. அது போனது போனதுதான். அடுத்த வருஷம்," என்றார். அன்றைக்குச் சாயந்திரமே கடிதத்தை எழுதிக் கொடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் அந்தப் பூட்ஸையும் முதல் தரமாக மாட்டினேன். இனி என் வழக்கம் எதையும் அந்த வரிசைக்குள் கொண்டுபோவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

மெட்ராஸ் ஆபீஸில் காகிதம் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. போன வாரம்தான் வடிவு வந்தாள், ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு நர்ஸ் அம்மாவோடு. ஆறு வயது நடக்கிறது. நான் விட்டுவிட்டு வந்த பிள்ளையை இவளிடம் தேடித் தேடிப் பார்க்கிறேன், மோவாயில் விழுகிற குழியைத் தவிர எதுவும் அகப்படவில்லை. அப்பா பின்னால் போகிறாள். என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் ஒரு வாரத்தை ஓட்டிவிட்டாள்.

இன்று காலை பழம் பறிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். கிளென் கிளோவா இந்த வருஷம் கம்பி தாங்காமல் காய்த்துக் கிடக்கிறது. நான் பூட்ஸோடு இறங்கி, நல்லதாக ஒரு பழத்தைப் பறித்து நீட்டினேன். அவள் வரிசைக்கு வெளியே குத்துக்கல்லாக நின்றாள். வாங்கித் தந்த புது ஷூவைக் கழற்றிப் புல்லில் ஜோடியாக வைத்திருந்தாள். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறந்து இத்தனை நாளில் முதல் தடவையாக என்னை அதட்டினாள்.

"அத்தை, செருப்போட உள்ள நிக்கிய! கழட்டுங்க, கொடி வாடிரும்."

அண்ணன் பையன்கள் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் நான் அத்தையாகியிருக்கிறேன். அவளுடைய அம்மா ஆத்தூரில் இருக்கிறாள். குனிந்து ஒரு பூட்ஸைக் கழற்றினேன். மற்றதைக் கழற்றக் கை எழவில்லை. ஒரு கால் ஜார்ஜின் ரப்பருக்குள்ளும் ஒரு கால் ஈர மண்ணிலுமாக நின்றேன். அவள் அவசரப்படுத்தவில்லை. இன்னொன்றையும் நான் கழற்றுவதற்காக வெறுங்காலோடு வெளியே காத்துக்கொண்டிருந்தாள்.