அண்ணன் மேடையில் சொன்ன சாட்சியும் உண்மையில் நடந்ததும்

கர்த்தருக்குள் அன்பான சொந்தங்களே, அண்ணனை அறிந்த நண்பர்களே,

இதை எழுத வேண்டும் என்று நினைத்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அண்ணனின் முதலாண்டு நினைவு மலரிலும் நான் எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், ஜெபிப்பேன், வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், எழுத வராது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். ஆனால் என்னைத் தடுத்தது பயம். நான் எழுதுவதைப் படித்து ஒரு மனுஷன் மறுபடி விழுந்துவிடுவாரோ என்ற பயம். அவர் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அண்ணன் திருவட்டாறு பக்கத்தில் எங்கள் அம்மாவின் வீட்டில் பிறந்தார். அப்பாவுக்கு ரப்பர் மரங்களில் பால் வெட்டும் வேலை. பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணன் கிட்டார் படித்தது கேசட் கேட்டுத்தான். பாட்டில் ஒரு துண்டு பிடிபடும்வரை அதையே திருப்பித் திருப்பிப் போடுவார். அப்பா முற்றத்தில் நின்று, "லேய், பாடுகவனுக்கு வயித்து வலியா? ஒரே எடத்துல கெடந்து கத்துகானே!" என்பார்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கோவளம் போனார். ஐந்து பேர் சேர்ந்த ராக் குழுவில் லீட் கிட்டார். ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்களுக்காக ஆங்கிலப் பாட்டு வாசித்தார்கள். தோள்வரை முடி வளர்த்திருந்தார். ஆனால் குடிக்க மாட்டார். சிறுவயதில் கிறிஸ்துமஸ் ஒயின் ஒரு வாய் குடித்து வாந்தி எடுத்தவர், அந்த வாடையே அவருக்கு ஆகாது. ஒருமுறை குழுவினர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர் அம்மாவிடம், "அம்மச்சி, இவன் எங்களுக்குக் கன்னியாஸ்திரி மடத்து மதர் சுப்பீரியராக்கும். இவன் மொகத்தப் பாத்தா குடிச்சதெல்லாம் எறங்கிரும்" என்றார். அம்மா சிரித்துச் சிரித்து மீன்கறியைச் சிந்திவிட்டார்.

பிறகு அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அண்ணன் அவரைக் கவனிக்கக் கொஞ்ச நாள் என்று சொல்லி வந்தார். அப்பாவைத் தூக்கவும் துடைக்கவும் ஆண்துணை வேண்டியிருந்தது, போக முடியவில்லை. குழுவினர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டைவிட்டு அதிகம் விலகாமல் கிட்டார் வாசித்துப் பிழைக்க ஒரே வழிதான் இருந்தது: ஊர் ஊராகப் பந்தல் போட்டு நடத்தும் கன்வென்ஷன் என்ற சுவிசேஷக் கூட்டங்கள்.

முதல் கூட்டத்துக்கு அம்மாவும் நானும் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம். வெளியூர்ப் பிரசங்கியார் அண்ணனின் தோளில் கைபோட்டு, "ராக் மியூசிக்கில் கிடந்து, குடித்து, பெற்ற தாயையே அடித்த மகன்! இன்று ஆண்டவர் கையில் வாத்தியமாய் நிற்கிறான்!" என்றார். பந்தல் முழுக்க அல்லேலூயா. முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பி, "எம்மா, உள்ளதா? பய உங்கள அடிச்சானா?" என்று கேட்டார். அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கெட்டவன் மனந்திரும்பிய கதையைத்தான் சபையில் சாட்சி என்பார்கள்; அந்தச் சாட்சியைத் திருத்தச் சொல்லிக் கேட்க மறுநாள் அண்ணன் போனார். பிரசங்கியார் கோபப்படவில்லை. "தம்பி, சாட்சி இல்லாட்டி நீ வெறும் கிட்டார்காரன். கிட்டார்காரன் எத்தனையோ பேரு கெடக்கான். அடுத்த ஊர்ல உன் சாட்சிய போஸ்டர்ல அடிச்சாச்சு" என்றார். அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும். அண்ணன் போனார். பிறகு அந்தச் சாட்சியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. முதலில் சாட்சி, அப்புறம்தான் பாட்டு. அண்ணன் ஆண்டவரை விசுவாசித்தது பொய்யில்லை. அவர் மெட்டுப் போட்ட பாட்டுகளும் பொய்யில்லை. அந்தப் பாட்டுகளுக்குப் போக அந்தக் கதை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

ஒரு கூட்டம் முடிந்ததும், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் மனைவி பிள்ளையோடு வந்து அண்ணனின் கையைப் பிடித்து அழுதார். "அண்ணே, நீங்களே விட்டாச்சுன்னா நான் விடமாட்டேனா?" என்றார். சொன்னபடியே குடியை விட்டார். ஊரே சந்தோஷப்பட்டது. அண்ணன் மட்டும் முகம் வாடி வீட்டுக்கு வந்தார்.

"மக்ளே, இனி என்னால உள்ளதச் சொல்ல ஒக்காது. சொன்னா அந்தத் தம்பி திரும்பக் குடிப்பான்" என்றார் என்னிடம்.

அம்மா அடுக்களையிலிருந்து, "நாலு குடும்பம் நல்லாருக்கும்னா, நீ என்ன அடிச்சதாவே இருக்கட்டு மக்ளே" என்றார். அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அம்மா இறந்தபோது அடக்க ஆராதனையில், "அடித்த மகனை மன்னித்த தாய்" என்று பிரசங்கம் செய்தார்கள். அண்ணன் பெட்டியின் மேல் கைவைத்தபடி நின்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "நான் குடிச்சதே இல்ல. எங்க அம்மாவ நான் தொட்டதுகூட இல்ல" என்று சொல்லிவிட்டார். பிரசங்கியார் எழுந்து வந்து மைக்கை வாங்கி, "கேட்டீர்களா? குடித்து அடித்த அந்தப் பழைய மனுஷன் அடையாளமே இல்லாமல் செத்துப்போனான்!" என்றார். முன்பைவிடப் பெரிய அல்லேலூயா. கீபோர்டுகாரர் பாட்டைத் தொடங்கிவிட்டார். அண்ணனும் வாசித்தார், வேறென்ன செய்வார்?

கடைசியில் ஈரல் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்தனை வருஷக் குடி?" என்று கேட்டார். அண்ணன் "இல்லை" என்று தலையாட்டினார். ஜெபிக்க வந்திருந்த ஒரு பெரியவர், "நல்ல குடியா இருந்தது டாக்டர், இப்ப விட்டாச்சு" என்றார். மைனி, அதாவது அண்ணனின் மனைவி, சண்டை பிடித்தார். டாக்டர் எங்களை இரக்கத்தோடு பார்த்தார், அவ்வளவுதான். எல்லாரும் போன பிறகு அண்ணன், "நான் போனப்பறம் நீ சொல்லு பிள்ள. அந்தத் தம்பிகிட்ட மொதல்ல கேட்டுட்டுச் சொல்லு" என்றார்.

கேட்க எனக்குத் துணிவு வரவில்லை என்பதுதான் இத்தனை தாமதத்துக்குக் காரணம். போன மாதம் அந்த ஆட்டோ தம்பியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எக்கா, குடிகாரனுக்குக் குடிகாரனத் தெரியாதா? அண்ணன் சொன்ன கதையில சரக்கு வாடையே இல்ல. அன்னிக்கே தெரியும். கூட்டத்துல அவர விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"பின்ன எதுக்குத் தம்பி விட்டீங்க?"

"அதச் சொல்லும்போ அவரு மொகத்தப் பாத்திருக்கியளா? வேர்த்து ஒழுகும். வெளிய வரமுடியாம எதுலயோ மாட்டிக் கெடக்காருன்னு தெரிஞ்சுது. நானும் அப்படித்தான கெடந்தேன். ரெண்டு பேருல ஒருத்தனாவது வெளிய வருவோம்னு தோணிச்சு. அவருகிட்ட நான் இதச் சொல்லியிருக்கணும் எக்கா." அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வரவும் இருந்தவர் அந்தத் தம்பிதான். அவர் சம்மதித்ததால்தான் இதை எழுதினேன். அவருக்கும், இரத்தம் கொடுத்த வாலிபர்களுக்கும், கோவளத்திலிருந்து வந்து பெட்டியைச் சுமந்த பழைய குழு நண்பர்களுக்கும், மைனிக்குத் துணையாகத் தங்கிய பெண்களுக்கும், அண்ணனின் பாட்டுகளை இன்றும் பாடும் சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுகோள். இதைப் பிறரிடம் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கேட்கிறவர்கள் அழுதாலும் ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். பிரசங்கியாரைப் பிசாசாக்காதீர்கள், அண்ணனைப் பரிசுத்தவானாக்காதீர்கள். அண்ணன் குடிக்கவில்லை. அம்மாவை அடிக்கவில்லை. கிட்டார் வாசித்தார். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.