பாலுண்ணி வந்த குதிரைகளும் கூட வந்த மனிதர்களும்

மிருக வைத்தியத் தொழிலில் நோயாளியைப் பிடிக்க ஒரு கயிறு போதும். கூட வருகிறவரைச் சமாளிக்கத்தான் படிப்பு வேண்டும்.

நான் வெள்ளவத்தையில் கிளினிக் வைத்திருக்கிறேன். காலையில் நாய், பின்னேரம் பூனை, கிழமையில் இரண்டு நாள் குதிரை. கொழும்பில் குதிரையா என்று எல்லோரும் கேட்பார்கள். சவாரி பழக்கும் இடங்கள் இருக்கின்றன, கலியாண வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள், பிறந்தநாள் வீடுகளுக்குப் போனி கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குதிரைகளில் மூன்று வயது வரையான குட்டிகளுக்கு மூக்கிலும் உதட்டிலும் பாலுண்ணி வரும். சாம்பல் நிறத்தில், குட்டிக் குட்டிப் பூக்கோவா, அதாவது காலிஃபிளவர் மாதிரி, ஒன்று வந்தால் ஒரு மாதத்தில் ஐம்பது நிற்கும். பார்க்கப் பயங்கரம். ஆனால் அது ஒரு வைரஸ், அவ்வளவுதான். குட்டியின் உடம்பு அதை இன்னாரென்று கண்டுபிடிக்க மூன்று நான்கு மாதம் எடுக்கும். கண்டுபிடித்ததும் எல்லாம் தானாகவே உதிர்ந்துவிடும். மனிதருக்குத் தொற்றாது. மற்றக் குட்டிகளுக்குத் தொற்றும், ஆகவே தண்ணீர் வாளியையும் கடிவாளத்தையும் தனியாக வைக்க வேண்டும்.

வைத்தியம் முடிந்தது. இதை ஒரு குதிரைச் சொந்தக்காரரிடம் சொல்லி நம்பவைக்க வேண்டும் என்றால் என்ன பாடு தெரியுமா? பல் வைத்தியர்களே, ஃபிரிஜ் திருத்துகிறவர்களே, "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி ஏச்சு வாங்கிய சகலருமே, உங்களுக்குத் தெரியும்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை

நஸீர் ஹாஜியாருக்குக் கொட்டாஞ்சேனையில் பாத்திரக் கடை. முகத்துவாரத்தில் ஒரு வளவில் இரண்டு குதிரை வளர்க்கிறார். பெரியது கலியாண வண்டி இழுக்கும். சின்னது சுல்தான், வெள்ளை, இரண்டு வயது. வண்டி இழுக்க இன்னும் வயதில்லை, முன்னால் அலங்காரமாக நடந்து வரும். ஹாஜியார் என்னைக் கூப்பிட்டபோது சுல்தானின் மூக்கில் பாலுண்ணி போட இடமில்லை. மூன்று கிழமையில் கலியாணம். அதுவும் வாடிக்கையாளர் வீட்டுக் கலியாணம் இல்லை, ஹாஜியாரின் ஒரே மகளின் கலியாணம். மாப்பிள்ளை சுல்தானின் பக்கத்தில் நடந்து மண்டபத்துக்கு வருவதாக ஒரு வருஷத்துக்கு முதலே முடிவாகியிருந்தது.

"வெட்டி எடுங்க டொக்டர் மிஸ்," என்றார். வெட்டினால் மூக்கு முழுக்கப் புண்ணாகும், கலியாணத்தன்றைக்கு ஈ மொய்க்கும், அதைவிடப் பாலுண்ணி அழகு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் வளவில் நின்று யோசித்தோம். கடைசியில் அவருடைய தங்கை, மணப்பெண்ணின் உடுப்புத் தைத்து மிஞ்சிய சட்டின் துணியில், மூச்சுவிட வசதியாக, சுல்தானுக்கு ஒரு தொளதொள முகத்திரை தைத்தார். ஓரத்தில் முத்து வைத்து. நான் கலியாணத்துக்குப் போகவில்லை, ஆனால் அன்றைக்குப் பின்னேரம் வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தபடிதான் இருந்தேன். துணியைக் கழற்றி எறிந்திருக்குமோ, மாப்பிள்ளையைக் கடித்திருக்குமோ என்று.

அடுத்த நாள் ஹாஜியார் கூப்பிட்டார். குரலில் கோபமும் சந்தோஷமும் கலந்திருந்தது.

"டொக்டர் மிஸ், மாப்புளட மொகத்த ஒருத்தரும் பாக்கல்ல, திரைக்குப் பின்னால என்ன ஈக்கி எண்டு குதிரட மொகத்தத்தான் எல்லாரும் எட்டி எட்டிப் பாத்த."

பதினான்கு மிஸ்ட் கோல்

சவாரி பழக்கும் இடமொன்றில் ஒரு குட்டிப் போனிக்குப் பாலுண்ணி. ஹெவ்லொக் டவுனிலிருந்து பழக வரும் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி, போனி பாவம் என்று அதன் மூக்கில் வாய் வைத்துக் கொஞ்சிவிட்டாள். வீட்டுக்குப் போய்த் தாயிடமும் சொல்லிவிட்டாள். நான் ஒரு நாயின் காலுக்குத் தையல் போட்டு முடித்து போனை எடுத்தபோது பதினான்கு மிஸ்ட் கோல். தாய் நேராகக் கிளினிக்குக்கே வந்துவிட்டார், பிள்ளையின் வாயை ஒரு லேஞ்சித் துணியால் மூடிக்கொண்டு.

இருக்கச் சொன்னேன். இது குதிரைக்கு மட்டும் வருகிற வைரஸ், மனிதத் தோலில் அதற்கு வேலையில்லை, நான் எத்தனை வருஷமாக வெறுங்கையால் இந்த மூக்குகளைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று விளக்கினேன். தாய் மெல்ல மெல்ல அமைதியானார். பிள்ளை லேஞ்சியை எடுத்துவிட்டு மூச்சு விட்டாள். நான் உற்சாகத்தில், "இதோ பாருங்கோ என்ர கையை," என்று இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். என் வலது கைச் சுட்டுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், இரண்டு மாதமாக ஒரு பாலுண்ணி இருந்தது. சாதாரண மனிதப் பாலுண்ணி. எங்கேயோ யாரிடமோ தொற்றியது. அது இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்த அம்மாவின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"அப்ப உங்கட விரலில கிடக்கிறது என்ன, டொக்டர்?"

தண்ணீர்ச் சத்தம்

இது சிரித்துக்கொண்டு எழுதக்கூடியதில்லை.

சிவலிங்கம் அண்ணை துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். மனைவி காலமான பிறகு, எல்லோரும் ஏச ஏச, முகத்துவாரத்தில் ஒரு நண்பரின் வளவில் ஒரு பெண் குதிரைக்குட்டியை வாங்கிக் கட்டினார். ராணி என்று பெயர். காலை ஆறு மணிக்குப் போனால் மத்தியானம்தான் வீட்டுக்கு வருவார். ராணிக்குப் பாலுண்ணி வந்தபோது நான் போய்ப் பார்த்து, ஒன்றும் பூசாதேங்கோ அண்ணை, நாலு மாதம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓம் ஓம் என்றார். போனில் யாரோ போட்ட வீடியோ ஒன்று, நாலு நாளில் போகும் என்று சொல்லியிருக்கிறது. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து, ராணியின் உதடு முழுக்கப் பூசிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். உதடு இரண்டும் வெந்து, வீங்கி, தோல் உரிந்து தொங்கியது. பூசியதை நக்கியிருக்கிறது, நாக்கும் புண். இரண்டு நாளாகப் புல்லில் வாய் வைக்கவில்லை. அதைவிடப் பயம், தண்ணீர் குடிக்கவில்லை. இந்த வெக்கையில் தண்ணீர் இல்லாமல் நின்றால் குதிரைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு கொழும்பில் என்னால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எனக்கு வந்த கோபத்தில் அவரை நல்லாக ஏசிவிட்டேன். அவர் ராணியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகு ஏசியதற்காக வெட்கப்பட்டேன்.

வாயைக் கழுவினோம், அரை மணித்தியாலம், குளிர்ந்த தண்ணீரால். வலிக்கு ஊசி. மூக்கால் குழாய் விட்டு வயிற்றுக்குத் தண்ணீர். உதட்டுக்குக் களிம்பு. தவிட்டைக் கஞ்சி மாதிரிக் கரைத்து வைத்தோம், திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் காலை நான் வளவுக் கேற்றைத் திறந்து, "அண்ணை, எப்பிடி இருக்கு?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். சிவலிங்கம் அண்ணை வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தார். திரும்பாமலே ஒரு விரலை உதட்டில் வைத்தார். வாளிக்குள் ராணியின் தலை. உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"சத்தம் போடாதேங்கோ டொக்டர், பிள்ளை தண்ணி குடிக்கிறா."

நான் போனில் பார்த்தது

"விட்டுவிடுங்கோ, தானாக உதிரும்" என்பதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு வந்தால் ஒரு ஆபத்து உண்டு. வாய்க்கு அது பழகிவிடும். சவாரி பழக்கும் இடத்தில் முத்தையா என்று ஒரு குதிரைக்காரர், நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர், இருபது வருஷமாகக் குதிரையோடு இருக்கிறார். ஒருநாள் ஒரு குதிரையின் கண்ணிமைக்குப் பக்கத்தில் கட்டியொன்று இருப்பதாக வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நான் கிளினிக்கில் பூனையொன்றை ஒரு கையால் பிடித்தபடி படத்தைப் பார்த்து, "பாலுண்ணி, விடுங்கோ" என்று பதில் போட்டேன். இரண்டு கிழமை கழித்து மறுபடி படம். மறுபடி அதே பதில். மூன்றாம் தடவை படம் வரவில்லை, முத்தையாவே வந்தார், பஸ் ஏறி, வெள்ளவத்தைக்கு. "இது உதிர்ற சாதி இல்லீங்க டாக்டரம்மா. அதுக்கு ஆறு வயசாச்சு. குட்டிங்களுக்கு வர்றது வேற," என்றார்.

ஆறு வயது என்று கேட்டதும் கிளினிக்கைப் பூட்டினேன். அன்றைக்கே போனேன். அவர் சொன்னது சரி. பார்க்கப் பாலுண்ணி மாதிரியே இருக்கும், ஆனால் தோலுக்குள் வேரோடிக்கொண்டு போகிற ஒரு கட்டி. உடம்புக்குள் பரவிக் கொல்லாது, ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் வளர்ந்தால் கண்ணைத் தின்றுவிடும். தொட்டுக் கிள்ளினாலும் கோபம் வந்த மாதிரி வளரும். படிக்கிற காலத்தில் எனக்கு மேல் வகுப்பில் இருந்த சத்திரசிகிச்சைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக அதை விளிம்போடு முழுசாக எடுத்து, அடியைக் கடுங்குளிரால் உறையவைத்து, எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வர எடுத்த பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. விளிம்பு சுத்தம், அதாவது கட்டி மிச்சமில்லை என்று வந்தது. ஒரு வருஷம் மாதாமாதம் போய்ப் பார்த்தேன், கட்டி திரும்பி வரவில்லை. அந்தக் குதிரை இரண்டு கண்ணாலும் என்னை முறைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய நிம்மதி.

முத்தையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் புல்லை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நீங்க போன்ல பாத்தீங்க, நான் கிட்ட நின்னு பாத்தேன், அவ்வளவுதான் டாக்டரம்மா."

நன்றி யாருக்கு

கொட்டாஞ்சேனை ஃபிலோமினா அன்ரியிடம் ஒரு போனி, பெயர் பிஸ்கட், இப்போதுதான் மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்தநாள் வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை முதுகில் ஏற்றும். பிஸ்கட்டுக்குப் பாலுண்ணி வந்ததும் தாய்மார் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலையில்லாமல் நின்ற பிஸ்கட்டுக்கு உடம்பு வைத்தது, அன்ரிக்கு உடம்பு குறைந்தது. என்னுடைய "பொறுங்கோ"வை அவர் ஒரு மாதம் பொறுத்தார். பிறகு பார்மசியில் கேட்டார், ஆயுர்வேதத்தில் கேட்டார், பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவிடம் கேட்டார். ஒவ்வொன்றையும் பூசுவதற்கு முதல் என்னிடம் போனில் சொல்லுவார், நான் வேண்டாம் அன்ரி என்று கெஞ்சுவேன், அவர் கோபத்தில் போனை வைப்பார். ராணியின் உதட்டைப் பார்த்தவள் நான், கெஞ்சாமல் என்ன செய்வேன்? கடைசியில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கப்போகிறேன் என்றார். அதற்கு மட்டும் உடனே சம்மதித்தேன். மெழுகுதிரி ஏற்றுவதால் ஒரு உதடும் வேகாது.

நாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. எடுத்ததும் அழுகை. என்னத்தைப் பூசினீங்கள் அன்ரி என்று கேட்டேன். பிறகுதான் அது சந்தோஷ அழுகை என்று விளங்கியது. ஒரு கிழமைக்குள் எல்லாம் உதிர்ந்து, மூக்கு வெல்வெட் மாதிரி இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போகிறார்களாம். நான் போய்ப் பார்த்தேன். ஒரு தழும்புகூட இல்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. நான் சொன்னபடியே நடந்ததே என்று ஒரு சின்னப் பாராட்டை எதிர்பார்த்து, பிஸ்கட்டின் மூக்கைத் தடவிக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன். அன்ரி கேக்கும் தேத்தண்ணியும் கொண்டுவந்து தந்தார்.

"எல்லாம் அந்தோனியார் செய்தது டொக்டர், ஆனா உள்ளதைச் சொல்ல வேணும், நீங்க குறுக்க நிக்கேல்ல."

ஐந்து வருஷம் படித்து வாங்கிய பட்டத்தில் நான் இதுவரை அதிகமாகப் பாவித்தது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பாடத்தைத்தான், அந்தப் பாடமோ சோதனைக்கு வந்ததேயில்லை.